கௌபி அவிக்க பாதி விறகு போதும்

கௌபியோ (தட்டைப்பயறு) கடலையோ அவிக்கும்போது கடைசிவரை அடுப்பு எரிய வேண்டியதில்லை. இரவே ஊறப்போட்டுவிடுங்கள். காலையில் மூடி போட்டு 20 நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள். அப்புறம் மூடியைத் திறக்காமல் சட்டியை இறக்கி, அடியில் ஒட்டிய தணலைத் தட்டிவிட்டு, சாக்கு விரித்த பெட்டியில் வைத்து, பழைய கம்பளியால் இறுகச் சுற்றி மூடிவிடுங்கள். மூன்று மணி நேரத்தில் பதமாக வெந்திருக்கும்.

பயறு வேகத் தேவை சூடுதானே தவிர கொதி அல்ல. நுவரெலியா போன்ற உயரத்தில் தண்ணீர் 94 பாகைக்குள்ளேயே கொதித்துவிடும். எவ்வளவு மிலாறு (வெட்டிய தேயிலைக் குச்சி விறகு) திணித்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது, ஆவிதான் போகும். அந்தச் சூட்டைக் கம்பளி பிடித்து வைத்துக்கொள்கிறது. மழை மாதத்தில் காய்ந்த விறகுக்குப் படும் பாட்டுக்கு இது பெரிய உதவி.

சட்டி முக்கால்வாசியாவது நிறைந்திருக்க வேண்டும். ஒரு கைப்பிடி அவிக்க இது சரிப்படாது, சீக்கிரம் ஆறிவிடும். மைசூர்ப் பருப்புக்குத் தேவையே இல்லை, அது அடுப்பிலேயே கரைந்துவிடும். இறைச்சிக்கு நான் சொல்லமாட்டேன், வெதுவெதுப்பில் கிடந்தால் கெட்டுப்போகும். முக்கியமாக, சிவப்பு போஞ்சி விதையை (ராஜ்மா) இப்படி அவிக்கவே வேண்டாம். அதிலுள்ள நச்சு மிதமான சூட்டில் போகாது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேகும்வரை அடுப்பிலேயே கொதிக்க விடுங்கள்.