காய்ச்சலோடு வருவோரில் டெங்கு எத்தனை பேருக்கு? எல்லையோர ஊரில் கணக்கெடுக்கும் முறை

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி, கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் கேரளத்து ஏலத் தோட்ட வேலைக்குப் போய்வருவோருக்குக் காய்ச்சல் கண்டால், ‘எல்லாம் டெங்குதான்’ என்ற பேச்சு உடனே கிளம்பிவிடும். அது எவ்வளவு உண்மை என்று கணக்கிட விரும்புவோர் முதலில் எந்த எண்ணால் வகுக்கிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒரு பேச்சுக்கு, 200 பேர் காய்ச்சலோடு வந்து, அவர்களில் சந்தேகத்திற்குரிய 40 பேருக்கு மட்டும் ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுக்கப்பட்டு, 10 பேருக்கு டெங்கு உறுதியானதாக வைத்துக்கொள்வோம். 25 சதவீதம் என்பது அந்த 40 பேருக்கே பொருந்தும். மற்ற 160 பேரைப் பரிசோதிக்கவே இல்லை என்பதால், 200 பேரில் 5 சதவீதம் என்று எழுதுவதும் தவறுதான்.

அடுத்து, பதிவேட்டில் ‘காய்ச்சலின் எத்தனையாவது நாள்’ என்ற பத்தி கட்டாயம் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், பெயருக்கு அடுத்தபடி முக்கியமான பத்தி அதுதான். வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1 சோதனை முதல் 5 நாட்களுக்கு ஏற்றது, கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருளோ ஏறக்குறைய 5ஆம் நாளுக்குப் பிறகே நம்பும் அளவுக்குத் தென்படும். மூன்றாம் நாளில் எடுத்த ரத்தத்தில் ஐ.ஜி.எம். இல்லை என்பதை வைத்து ஒருவரை ‘டெங்கு இல்லை’ என்ற பட்டியலில் சேர்த்தால் விகிதம் குறைந்துவிடும். மாறாக, ஐ.ஜி.எம். இரண்டு மூன்று மாதங்கள் வரை ரத்தத்தில் தங்கக்கூடும் என்பதால், சித்திரையில் வந்த டெங்கு ஆனியில் வந்த வேறொரு காய்ச்சலின் கணக்கில் ஏறிவிடலாம். உடனடியாக முடிவு காட்டும் அட்டைச் சோதனையின் முடிவுகளை, ஆய்வகத்தில் செய்யும் எலிசா சோதனையின் முடிவுகளோடு கலக்காமல் தனியே வையுங்கள். இரண்டு சோதனைகளிலும் பாசிட்டிவ் வந்தவரை ஒருமுறை மட்டும் எண்ணுங்கள்.

கொசு கடித்து 4 முதல் 10 நாட்களுக்குள் நோய் வெளிப்படுவதால், வீட்டு முகவரியோடு கடந்த இரண்டு வாரங்களில் வேலை செய்த இடத்தையும் கேட்டு எழுத வேண்டும். மலைக்கு மேலே கடிபட்டவரின் ரத்தம் பெரும்பாலும் கீழேதான் சோதிக்கப்படுகிறது. கேரளத்துச் சீட்டில் ‘பனி’ என்றிருந்தால் அது காய்ச்சல். சளி என்று எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம்.

ஆண்டு முழுவதையும் ஒரே சதவீதமாக்காமல் மாதவாரியாகப் பிரியுங்கள். மலைப்பக்கம் ஜூன் மாதத்திலும் நம் பக்கம் ஐப்பசியிலும் மழை வலுப்பதால், இரண்டு ஏற்றங்கள் தெரிய வாய்ப்புண்டு. டெங்கு இல்லை என்று வந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல், மலேரியா ஆகியவை பார்க்கப்பட்டனவா என்பதற்குக் கடைசியில் ஒரு பத்தி விடுங்கள்.