உங்கள் எக்செல் பட்டியலை மற்ற கணினிகளுக்கும் புரிய வைப்பது எப்படி?

ஒரு நூல் பட்டியலில் ஊர்ப் பத்தியில் சென்னை, மெட்ராஸ், மதராஸ், சென்னப்பட்டணம் என்று நாலு விதமாக எழுதியிருந்தால் நமக்கு அது ஒரே ஊர், கணினிக்கு நாலு ஊர். இணையத்தில் உள்ள தகவலைக் கணினிகளுக்கும் புரியும்படி எழுதிவைக்கும் முறைக்கு செமாண்டிக் வெப் என்று மிரட்டலாகப் பெயர் வைத்திருக்கிறார்களே, அதன் முதல் வேலை இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதுதான். பெயரை நம்பாமல், ஒவ்வொன்றுக்கும் மாறாத ஓர் இணைய முகவரி கொடுத்துவிடுகிறார்கள்.

அந்த முகவரியை நீங்களே உருவாக்கிக்கொண்டு உட்காராதீர்கள். யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த தகவல் களஞ்சியமான விக்கிடேட்டாவில் சென்னைக்கு க்யூ1352, தமிழ்நாட்டுக்கு க்யூ1445 என்று ஏற்கெனவே எண் இருக்கிறது, அந்த எண்ணில் முடிவதுதான் அதன் முகவரி. நூற்றுக்கணக்கில் வரிகள் இருந்தால் ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருளில் பட்டியலை ஏற்றி, ஊர்ப் பத்தியில் ரீகன்சைல், அதாவது பெயர்களை விக்கிடேட்டாவோடு ஒப்பிட்டுப் பொருத்தும் கட்டளை, கொடுங்கள், பொருத்தமான எண்களை அதுவே காட்டும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் டிக் அடித்துவிட வேண்டாம், ஒரே பெயரில் ரெண்டு ஊர் இருப்பது நம் பக்கம் சகஜம்.

அப்புறம் ஒவ்வொரு தகவலையும் மூன்று துண்டாக உடைக்க வேண்டும். இதுதான் ஆர்டிஎஃப். பள்ளியில் படித்த எழுவாய், பயனிலை, செயப்படுபொருள்தான், ஆனால் பயனிலை நடுவில் வரும்: சென்னை – அமைந்துள்ள நிர்வாகப் பகுதி – தமிழ்நாடு. நடுவில் வரும் உறவுக்கும் எண் உண்டு, இதற்கு பி131, நூலாசிரியருக்கு பி50. தேவையான உறவு விக்கிடேட்டாவில் கிடைக்காவிட்டால் டப்ளின் கோர், ஸ்கீமா.ஆர்க் என்ற இரண்டு ஆயத்தச் சொற்பட்டியல்களையும் பார்த்துவிட்டு, அதற்கும் பிறகுதான் சொந்தமாக ஒன்று உருவாக்க யோசிக்கலாம்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. திருக்குறள் முதலில் அச்சானது 1812இல். அந்த ஆண்டைத் திருக்குறள் என்ற படைப்பின் மேலேயே ஏற்றிவிட்டால், வள்ளுவரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர் என்று கணினி கணக்குப் போட்டாலும் அதைக் குற்றம் சொல்ல முடியாது. படைப்பு வேறு, பதிப்பு வேறு, இரண்டுக்கும் தனித்தனி முகவரி வேண்டும்.

சரி, இதை எழுதி வைக்க டர்ட்டில் என்ற வடிவம் போதும், சாதாரண நோட்பேடிலேயே எழுதலாம். ஒரு பொருளைப் பற்றித் தொடர்ந்து சொல்ல அரைப்புள்ளி, சொல்லி முடித்ததும் முற்றுப்புள்ளி. அந்தக் கடைசிப் புள்ளியை மறந்துவிட்டு அரை மணி நேரம் பிழை தேடியவர்களில் நானும் ஒருவன்.

இப்படி எழுதிவைத்த தகவலிடம் கேள்வி கேட்க ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழி இருக்கிறது. அதே மூன்று துண்டில், தெரியாத இடத்தில் கேள்விக்குறியோடு ஒரு பெயரைப் போட்டால் அந்த இடத்தை நிரப்பித் தரும். விக்கிடேட்டாவின் வினவல் பக்கத்தில் பி131 வைத்துத் தமிழ்நாட்டு ஊர்களைக் கேட்டுப் பாருங்கள், பல ஊர்கள் விட்டுப்போகும், ஏனென்றால் அவை வட்டத்தோடோ மாவட்டத்தோடோதான் நேரடியாக இணைந்திருக்கும். பி131க்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி போடுங்கள், படிப்படியாக இறங்கி எல்லாவற்றையும் கொண்டுவரும். முதல் தடவை மட்டும் நூறு விடை போதும் என்று வரம்பு போட்டுக்கொள்ளுங்கள், 60 விநாடி தாண்டினால் அந்தத் தளம் கேள்வியைப் பாதியிலேயே வெட்டிவிடும்.