கோயில்காட்டைப் பார்த்துத் தோட்டம் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டில் மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலைச் சுற்றி ஒரு காடு இருக்கிறது. யாரும் குடம் தூக்கித் தண்ணீர் ஊற்றாமலேயே வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கிற காடு. சோழமண்டலக் கரையோரம் வீட்டுத்தோட்டம் போட நினைப்பவர்கள் முதலில் இப்படி ஒரு கோயில்காட்டைப் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் எப்போது போகிறோம், எதைப் பார்க்கிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது.

பெரும்பாலும் மார்கழி, தை மாதத்தில் போவோம். நானும் அப்படித்தான் போனேன். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு தரையெல்லாம் புல்லும் கொடியுமாக இருந்தது. அந்தப் பச்சையை அப்படியே வீட்டில் கொண்டுவரப் பார்த்தேன். சித்திரையில் எல்லாம் கருகிவிட்டது. அப்புறம் கத்திரி வெயிலில் ஒரு நாள் போய் நின்றபோதுதான் காடு புரிந்தது. வீரை, காசான், உலக்கைப்பாலை மரங்கள் எல்லாம் தடித்த, பளபளப்பான இலையோடு வாடாமல் நின்றன. பாட்டுகளில் வரும் காயாம்பூ இந்தக் காசான் பூதான். கொத்துக் கொத்தாக நீலமாய்ப் பூக்கும். மழையில் பூத்த செங்காந்தளோ மேலே காய்ந்து, கிழங்காக மண்ணுக்குள் கிடந்தது. குறிப்பெடுக்க ஏற்ற மாதம் மே.

அடுத்தது, மரத்தையே அண்ணாந்து பார்த்துவிட்டுத் தரையைக் கவனிக்காமல் வருவது. மே மாதத்திலும் சருகை விலக்கிக் கையை வைத்துப் பாருங்கள், மண் குளிர்ச்சியாக இருக்கும். ஈரத்தைக் காப்பதும் மட்கி உரமாவதும் அந்தச் சருகுதான். அதைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் தினமும் கூட்டிக் கொளுத்துகிறோம்! கோலம் போடும் வாசலைக் கூட்டுங்கள், நடைபாதையைக் கூட்டுங்கள். மரத்தடியில் நாலு விரல் கனத்துக்குச் சருகு கிடக்கட்டும்.

உயரமும் அப்படித்தான். இந்தக் காட்டு மரங்கள் சுமார் 10 மீட்டரோடு நின்றுவிடும். ஓரத்தில் களா, காரை, சூரை என்று முள்செடிகள் அடைத்து நின்று உள்ளே வெயிலும் உப்புக்காற்றும் போகாமல் தடுக்கும். நாமோ சீக்கிரம் நிழல் வேண்டும் என்று குல்மோகரைத் தனியாக நட்டு, சுற்றிலும் வெறும் புல்தரை விடுகிறோம். 2011 டிசம்பரில் ‘தானே’ என்ற புயல் அடித்த கரை இது. கடல் இருக்கும் பக்கம் களா, காரையை நெருக்கி நட்டு வேலியாக்கிவிட்டு, அதன் மறைவில் மரங்களை வையுங்கள்.

காட்டிலிருந்து கன்றைப் பிடுங்கி வரவே கூடாது. ஆணிவேர் அறுந்தால் அது பிழைப்பது அரிது. சாமி காட்டில் சுள்ளி ஒடிக்கவே தயங்கும் ஊர்க்காரர்கள் மனசும் புண்படும். ஆரோவில் பக்கத்து நாற்றங்கால்களில் இந்தக் கன்றுகளை வளர்க்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. காட்டு மரம்தானே, தானாக வளரும் என்று நட்டதோடு விட்டுவிடாதீர்கள். வேர் ஆழம் போகும்வரை, முதல் இரண்டு கோடைக்காவது வாரத்துக்கு ஓரிரு முறை மண் நன்றாக நனையும்படி ஊற்றத்தான் வேண்டும். சரி, வீரை மெதுவாகத்தான் வளரும். அதற்குள் பொறுமை இழந்து அதைப் பிடுங்கிவிடாதீர்கள்.