குன்னூர்க் கொல்லையில் காக்கைக்கு ஒரு தேர்வு

காக்கையின் அறிவைச் சோதிக்க விரும்புவோர், காலையில் குரங்குகள் வந்து சேர்வதற்கு முன்பே, கொல்லை மரக்கிளையில் அரை மீட்டர் பருத்திக் கயிற்றைக் கட்டி, அதன் நுனியில் வடைத் துண்டைத் தொங்கவிட வேண்டும். நைலான் நூல் காலில் சிக்கும், அது வேண்டாம். அண்டங்காக்கை சில நாள்கள் தொடாமலே போகலாம். பிறகு, அலகால் கயிற்றை இழுத்து, மேலே வந்த வளையத்தைக் காலால் மிதித்துக்கொண்டு, அடுத்த பிடிக்கு அலகை இறக்குகிறதா என்று கவனியுங்கள்; அதுவே தேர்ச்சி. (என் வடைகளில் பாதி அணிலுக்குப் போயிற்று.) 2002-இல் ஆக்ஸ்போர்டில் பெட்டி என்ற, பசிபிக் தீவான நியூ கலிடோனியாவைச் சேர்ந்த இனக் காக்கை கம்பியைக் கொக்கியாக வளைத்தது, அதை நம் காக்கையிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. காலைத் திறமையாகப் பயன்படுத்தும் கிளியையும் கவனிக்க விரும்பினால், நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வளர்ப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்வதால், காயைக் காலால் பிடித்துத் தின்னும் மலைக்கிளியை மரத்திலேயே தொலைநோக்கியால் பாருங்கள்.