ஸ்லோ குக்கரில் புல்டு போர்க்: குழம்பு வைக்கும் கை செய்யும் தவறுகள்

எட்டு மணி நேரம் காத்திருந்து மூடியைத் திறந்தால் வெளிறிப்போன இறைச்சி தண்ணீரில் மிதக்கிறது. இல்லையென்றால், முள்கரண்டியால் எவ்வளவு குத்தினாலும் நாராகப் பிரியாமல் கட்டியாகவே நிற்கிறது. அதுவும் இல்லையென்றால் எல்லாம் பதமாக வெந்திருக்கிறது, ஆனால் வாயில் வைத்தால் மிளகாய்த்தூளின் பச்சை வாசனை. மின்சாரத்தில் மணிக்கணக்காக மெதுவாக வேகவைக்கும் ஸ்லோ குக்கரில், பன்றி இறைச்சியைக் குழைய வேகவைத்து நாராகப் பிய்த்தெடுக்கும் புல்டு போர்க்கை முதல்முறை செய்யும் நம்மவர்கள் புலம்புவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

சிங்கப்பூரில் இந்தக் குக்கர் ஒன்றும் புதிய பொருள் இல்லை. சீனக் குடும்பங்களில் சூப்புக்கும் குழந்தைக் கஞ்சிக்கும் காலங்காலமாகப் புழங்குவதுதான். சட்டியில் வதக்கி, சுண்டவிட்டு, எண்ணெய் பிரிய இறக்கிப் பழகிய கைக்குத்தான் அது பிடிபட மாட்டேன் என்கிறது. இரண்டு விஷயங்களை மனதில் வைத்தால் போதும். ஸ்லோ குக்கரில் ஆவி வெளியே போகாது, அதனால் எதுவும் சுண்டாது. சூடு தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டாது, அதனால் எதுவும் வதங்காது, சிவக்காது. கீழே சொல்லும் தவறுகளில் பாதி இந்த இரண்டில் ஒன்றை மறப்பதால் வருபவை.

எந்தக் கறி

கொழுப்பைக் கண்டு பயந்து மெலிந்த கறியாகக் கேட்டு வாங்குவது முதல் தவறு. முதுகுப் பக்கத்து லோயின் கறியிலும் டெண்டர்லோயினிலும் கொழுப்பும் குறைவு, கொலாஜன் என்னும் இணைப்புத் திசுவும் குறைவு. எட்டு மணி நேரம் வேகவைத்தால் அது காய்ந்த நூலாகத்தான் வரும், எத்தனை சாஸ் ஊற்றினாலும் தேறாது. அதற்காக இன்னொரு பக்கம் சாய்ந்து, கொங் பாக் பாவு என்னும் சீன இறைச்சி பன்னுக்கு எடுக்கும், கொழுப்பு நிறைந்த மூவடுக்கு வயிற்றுக்கறியை வாங்கினால் பாதிப் பாத்திரம் நெய்யாகிவிடும். வேண்டியது தோள்பகுதி. பேரங்காடிகளில் 'ஷோல்டர் பட்' என்று ஒட்டியிருப்பார்கள். தேக்கா சந்தையில் காலையில் போனால் பன்றி இறைச்சிக் கடை அங்கிளிடம் 'ஷோல்டர்' என்று சொன்னாலே எடுத்துக் காட்டுவார். ஆனால் இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். பொரியலுக்கோ சூப்புக்கோ என்று நினைத்து அவர் சின்னச் சின்னதாக நறுக்கத் தொடங்கிவிடலாம். முழுத் துண்டாக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒன்றரைக் கிலோ வாங்கினால் வீட்டில் இரண்டு அல்லது மூன்று பெரிய துண்டாகப் போட்டுக்கொள்ளலாம். குழம்புத் துண்டு அளவுக்கு வெட்டினால் நீள நார் கிடைக்காது, தூள்தான் கிடைக்கும்.

தோல் இருந்தால் எடுத்துவிடுங்கள். இந்த ஈரச் சூட்டில் அது மொறுமொறுப்பாகாது, கொழகொழவென்று கிடக்கும்.

மட்டனுக்குப் பப்பாளிக்காய் தடவும் பழக்கத்தையும் இங்கே கொண்டுவர வேண்டாம். பப்பாளிக்காய், பச்சை அன்னாசி, கொஞ்சம் குறைவாக இஞ்சி எல்லாவற்றிலும் புரதத்தை உடைக்கும் நொதிகள் உண்டு. மெதுவாகச் சூடேறும் பாத்திரத்தில் அவை வேலை செய்ய நிறைய நேரம் கிடைக்கிறது. இறைச்சியின் மேற்புறம் நாராகப் பிரியாமல் மாவாகிவிடும். அன்னாசி சுவை வேண்டுமென்றால் டின்னில் வருவதைப் போடலாம். பதப்படுத்தும் சூட்டில் அதன் நொதி ஏற்கெனவே செயலிழந்திருக்கும்.

தண்ணீர்

குழம்பு அடிபிடிக்குமே என்ற பயத்தில் இறைச்சி மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றுவதைப் போல இந்தச் சமையலைக் கெடுப்பது வேறில்லை. ஒன்றரைக் கிலோ தோள்கறி வெந்து முடிந்தால் எடை ஒரு கிலோவை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் நிற்கும். குறைந்த அத்தனையும் சாறாகவும் கொழுப்பாகவும் பாத்திரத்துக்குள்ளேயே இருக்கும். போவதற்கு வழியில்லையே. ஆகவே அரைக் குவளை நீர்மம் போதும். வெறும் தண்ணீரைவிட வினிகரும் தண்ணீரும் பாதிப் பாதி, அல்லது ஆப்பிள் சாறு நல்லது. வெங்காயத்தை அடியில் பரப்பி அதன்மேல் இறைச்சியை வைத்தால் அடிபிடிக்கும் கவலையும் இல்லை.

உப்பும் இதோடு சேர்ந்த கணக்குதான். கடைசியில் சாற்றைத் தனியாகச் சட்டியில் சுண்டவைக்கப் போகிறீர்கள், உப்பும் கூடவே ஏறும். அதனால் முந்தின இரவு இறைச்சியில் தடவும் உப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதியைப் பிய்த்து முடித்த பிறகு ருசி பார்த்துச் சேர்க்கலாம்.

மசாலாவை நேராகக் கொட்டுவது

நம் சமையலறையில் நடக்கும் பெரிய தவறு இதுதான். அமெரிக்கச் சமையல் குறிப்பில் 'எல்லாவற்றையும் போட்டு மூடுங்கள்' என்று இருக்கும். அங்கே போவது பெரும்பாலும் பப்ரிக்கா என்னும் காரம் குறைந்த மிளகாய்த்தூள், பழுப்புச் சர்க்கரை, பூண்டுத்தூள், கொஞ்சம் சீரகம். நாமோ அந்த இடத்தில் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் மஞ்சளும் இஞ்சி பூண்டு விழுதும் போடுகிறோம். இவையெல்லாம் எண்ணெயில் சூடுபட்டால்தான் வாசனை திரும்பும். எட்டு மணி நேரம் ஈரத்தில் ஊறினாலும் பச்சை வாசனை அப்படியே இருக்கும். வெங்காயமும் அப்படித்தான், வேகும், ஆனால் வதங்காது.

அதனால் பத்து நிமிடம் அடுப்பில் செலவழித்தே ஆக வேண்டும். வெங்காயம் நன்றாகச் சிவக்கட்டும், விழுதின் பச்சை வாசனை போகட்டும், தூள்களை எண்ணெயில் ஒரு புரட்டு புரட்டி அப்புறம் குக்கருக்கு மாற்றுங்கள். வாணலி எப்படியும் சூடாக இருக்கிறது, இறைச்சியையும் ஈரம் துடைத்து எல்லாப் பக்கமும் சிவக்க வாட்டிவிடலாம். இறைச்சியை வாட்டினால் 'சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும்' என்று சொல்வது உண்மையில்லை, சாறு எப்படியும் வெளியே வரும். வாட்டுவது நிறத்துக்கும் ருசிக்கும்தான். அந்தச் சிவப்பு 140 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் ஏறத் தொடங்கும், குக்கருக்கு அது எட்டாது. வாணலியில் ஒட்டியிருப்பதை வினிகர் ஊற்றிச் சுரண்டி அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதி ருசி அதில்தான் இருக்கிறது.

பட்டை, கிராம்பு விஷயத்தில் மட்டும் கையைச் சுருக்குங்கள். இத்தனை மணி நேரத்தில் நாலு கிராம்பு பல் டாக்டர் அறை வாசனையைக் கொண்டுவந்துவிடும்.

இன்னும் வேகவில்லை என்பதை அதிகம் வெந்துவிட்டது என்று நினைப்பது

ஆறு மணி நேரம் ஆகியும் இறைச்சி இறுக்கமாக இருந்தால் 'ரொம்ப வெந்து கெட்டியாகிவிட்டது' என்று நினைத்து நிறுத்துகிறார்கள். அநேகமாக அது நேர் எதிர். சாப்பிடப் பாதுகாப்பான சூடு வேறு, பிய்க்க வரும் சூடு வேறு. அமெரிக்க வேளாண்துறை முழுத் துண்டுப் பன்றி இறைச்சிக்குச் சொல்வது 63 டிகிரி, அதன்பின் 3 நிமிடம் காத்திருப்பு. அந்தச் சூட்டில் தோள்கறியை வெட்டத்தான் முடியும், பிய்க்க முடியாது. கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாறுவதற்குச் சூடும் வேண்டும், அந்தச் சூட்டில் நீண்ட நேரம் கிடக்கவும் வேண்டும். நடுப்பகுதி 90 முதல் 96 டிகிரிக்கு வரும்போதுதான் முள்கரண்டி தடையில்லாமல் இறங்கித் திரும்பும். குக்கரில் மெதுவாகச் சூடேறும் 'லோ' நிலையில் 8 முதல் 10 மணி நேரம், வேகமாகச் சூடேறும் 'ஹை' நிலையில் 5 முதல் 6 மணி நேரம் என்பது உத்தேசம்தான். துண்டின் பருமனும் குக்கரின் குணமும் கணக்கை மாற்றும். கடிகாரத்தைவிட முள்கரண்டியை நம்பலாம்.

லோவும் ஹையும் பெரும்பாலான குக்கர்களில் கடைசியில் ஏறக்குறைய ஒரே சூட்டுக்குத்தான் போகும், போய்ச் சேரும் வேகம்தான் வேறு. 'வார்ம்' வேறு விஷயம். அது வெந்ததைச் சூடாக வைத்திருக்க மட்டும். அதில் பச்சை இறைச்சியை வேகவைக்கக் கூடாது.

இணையத்தில் படிக்கும்போது இன்னொரு குழப்பமும் வரும். அமெரிக்காவின் கரோலினா பக்கம் விறகுப் புகையில் வாட்டுகிறவர்கள், இறைச்சியின் சூடு 65, 70 டிகிரி வாக்கில் மணிக்கணக்காக ஏறாமல் நின்றுவிடும், அலுமினியத் தாளில் சுற்றுங்கள் என்பார்கள். அங்கே மேற்பரப்பு ஈரம் ஆவியாகி இறைச்சியைக் குளிர்விக்கிறது. மூடிய குக்கரில் அந்தச் சிக்கல் கிடையாது, தாளும் வேண்டாம்.

மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதும் கூடாது. ஒவ்வொரு முறையும் போன சூடு திரும்ப இருபது, முப்பது நிமிடம் ஆகும்.

இந்தக் குக்கர் பிறந்த கதையே இரவெல்லாம் காத்திருப்பதுதான். 1940இல் இதன் மூலவடிவத்துக்குக் காப்புரிமை பெற்ற இர்விங் நாக்சனுக்கு, யூதர்கள் ஓய்வுநாளுக்காக முந்தின மாலையே ரொட்டிக்கடையின் தணிந்த அடுப்பில் வைத்துவிடும் சோலன்ட் என்ற குழம்பைப் பற்றித் தாயார் சொன்னதுதான் தூண்டுதல். அது 'கிராக்-பாட்' என்ற பெயரில் கடைக்கு வந்தது 1971இல். பன்றி இறைச்சியைத் தொடாத யூதச் சமையலை நினைத்துச் செய்த பாத்திரத்தில் இன்று ஊரெல்லாம் பன்றி இறைச்சி வேகிறது!

நம் ஊர் வெக்கையில்

உறைந்த இறைச்சியை அப்படியே குக்கரில் வைக்காதீர்கள். 5 முதல் 60 டிகிரி வரையுள்ள சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். உறைந்த ஒன்றரைக் கிலோ அந்த எல்லையைத் தாண்ட ரொம்ப நேரம் எடுக்கும். முந்தின நாளே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். காலையில் பச்சை இறைச்சியைக் குக்கரில் வைத்து, மதியம் தானாகத் தொடங்கும்படி டைமர் போட்டுவிட்டு வேலைக்குப் போவதும் இதே வகைதான். 31, 32 டிகிரி வெக்கையில் அது விளையாட்டு இல்லை. வேலைக்குப் போகும் முன் லோவில் ஓடவிட்டுப் போகலாம், அல்லது இரவு படுக்கும் முன் வைக்கலாம்.

மசாலா தடவிய பீங்கான் பாத்திரத்தை இரவெல்லாம் குளிரில் வைத்து, நேரே எடுத்துச் சூடான அடித்தளத்தில் வைத்தால் விரிசல் விடும். இறைச்சியை வேறு கிண்ணத்தில் ஊறவையுங்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் அன்பாகக் கொண்டுவரும் குக்கர் 120 வோல்ட்டுக்கானது, இங்கே 230. பிளக்கை மட்டும் மாற்றினால் எரிந்துபோகும்.

பிய்த்த பிறகு

வெந்ததும் பாத்திரத்திலிருந்து எடுத்துக் கால்மணி நேரம் விடுங்கள், பிறகு இரண்டு முள்கரண்டியால் பிரியுங்கள். சாற்றின் மேல் நிற்கும் கொழுப்பை வழித்துவிட்டு, மீதியைப் பாதியாகச் சுண்டவைத்து, தேவையான அளவு மட்டும் திரும்ப ஊற்றுங்கள். முழுவதையும் கொட்டினால் மறுபடி சூப்தான்.

பாட்டில் சாஸை ஆரம்பத்திலேயே ஊற்றினால் அதிலுள்ள சர்க்கரை ஓரங்களில் கருகும், சாஸும் நீர்த்துவிடும். கடைசியில் சேருங்கள். என்னைக் கேட்டால் அந்தத் தித்திப்புச் சாஸே நம் நாக்குக்குத் தேவையில்லை. வட கரோலினாவின் கிழக்குப் பக்கத்தில் வினிகரும் மிளகாயும் மட்டும் கலந்த நீர்த்த சாறுதான் ஊற்றுவார்கள். அந்த வழியில் போய், புளிக்கரைசல், கொஞ்சம் குலா மலாக்கா என்னும் பனைவெல்லம், பச்சை மிளகாய், கடைசியில் கலமான்சி என்னும் சின்ன எலுமிச்சையின் சாறு என்று கலந்தால் அருமையாக இருக்கும். பிய்த்ததில் பாதியை ஏர் பிரையரில் ஐந்தாறு நிமிடம் வைத்தால் ஓரங்கள் மொறுமொறுக்கும், அதை மீதியோடு கலந்துவிடுங்கள். பன்னில் வைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்று சட்டமில்லை. தோசை, ஆப்பம், மந்தோ என்னும் சூடான சீன பன் எல்லாமே பொருந்தும்.

விருந்துக்குக் கொண்டுபோவதென்றால் பெயரட்டை ஒட்டி, தனிக் கரண்டியோடு, மேசையின் ஒரு ஓரத்தில் வையுங்கள். முஸ்லிம் நண்பர்களுக்கு அதே குக்கரில் பிறகு கோழி சமைத்துப் பரிமாறுவதும் சரியில்லை. அடிக்கடி செய்பவராக இருந்தால் பன்றி இறைச்சிக்கென்றே சின்னதாக ஒன்று வாங்கிவிடலாம்.

மிச்சத்தை அந்தக் கனத்த பீங்கானோடு குளிர்பதனப் பெட்டிக்குள் தள்ளினால் நடுப்பகுதி ஆறவே ஆறாது. இரண்டு மணி நேரத்துக்குள் தட்டையான டப்பாக்களில், கொஞ்சம் சாற்றோடு எடுத்துவையுங்கள். மூன்று, நான்கு நாள் தாங்கும். மறுநாள் சூடாக்கக் குக்கரைத் தேடாதீர்கள், அது சூடேற்ற எடுக்கும் நேரம் ஆபத்தானது. வாணலியில் கறிவேப்பிலையும் மிளகும் தாளித்து, இறைச்சியைப் போட்டு ஆவி பறக்கப் பிரட்டி எடுங்கள்.