ஹனாவா ஹோகியிச்சி நினைவகத்துக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோக்கியோவுக்கு வடமேற்கே, சைத்தாமா மாகாணத்தில் ஹோன்ஜோ என்று ஒரு ஊர் இருக்கிறது. அதில் கொடாமா என்ற பகுதியில் ஒரு சின்ன நினைவகம். ஹனாவா ஹோகியிச்சி என்ற அறிஞருக்காக அமைத்தது. 1746-இல் பிறந்து 1821-இல் மறைந்தவர். சிறுவயதிலேயே பார்வை போய்விட்டது. ஜப்பானின் பழைய நூல்கள் அழிந்துபோகாமல் தேடிச் சேர்த்து, படிகளை ஒப்பிட்டுப் பிழை நீக்கி, மரப்பலகைகளில் செதுக்கி அச்சிட்டவர். 'குன்ஷோ ருய்ஜூ' என்று அந்தத் தொகுப்புக்குப் பெயர். 1,270-க்கு மேற்பட்ட நூல்கள், 666 புத்தகங்களாக. 1779-இல் இதைச் செய்வேன் என்று நேர்ந்துகொண்டார், 1819-இல் முடித்தார். நாற்பது ஆண்டுகள்.

நமக்குச் சட்டென்று புரியும்படி சொன்னால், உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து சுவடி தேடிப் பதிப்பித்தாரே, அதே வகை வேலை. சீவக சிந்தாமணி 1887-இல் வந்தது. ஹனாவா நேர்ந்துகொண்டது அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பு.

ஜப்பானில் இருக்கும் நம்மவர்கள் சிலர் அங்கே போய்விட்டு வந்து, "ரொம்பச் சின்ன இடம், பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது" என்கிறார்கள். கேட்கும்போது எனக்கு மனசு ஆறாது. இடம் சின்னதுதான். பதினைந்து நிமிடத்தில் முடிந்ததற்கு அது காரணம் இல்லை.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

முதலில் போய்ச் சேரும் சிக்கல். ஹோன்ஜோ என்று தேடினால் டோக்கியோவுக்குள்ளேயே, சுமிதா வட்டாரத்தில் ஒரு ஹோன்ஜோ வரும். ஜப்பானிய எழுத்தில் இரண்டும் வேறு வேறு; நாம் எழுதும்போது ஒன்றாகிவிடுகிறது. வடக்கே அகிதா மாகாணத்தில் யூரிஹோன்ஜோ என்று இன்னொன்று. அதனால் எப்போதும் 'சைத்தாமா' என்று சேர்த்தே தேடுங்கள்.

கொடாமா அதைவிட மோசம். தொக்காய்தோ புல்லட் ரயில் பாதையில் 'கொடாமா' என்ற பெயரிலேயே ரயில்கள் ஓடுகின்றன. அவை போவது ஒசாகா பக்கம், நேர் எதிர்த்திசை. உங்களுக்கு வேண்டியது கொடாமா என்ற ரயில் நிலையம். அது ஹச்சிகோ பாதையில் இருக்கிறது. ஷிபுயா நிலையத்தில் சிலையாக இருக்கும் அந்த நாய் ஹச்சிகோவுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஹச்சியோஜி, தகாசாகி என்ற இரண்டு ஊர்ப் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. கொடாமா வழியாகப் போகும் பகுதியில் மின்பாதை கிடையாது, டீசல் வண்டிதான். மணிக்கு ஒன்று என்ற கணக்கில் வரும். சில நேரம் அதைவிட இடைவெளி அதிகம். ஒரு வண்டியை விட்டால் பொழுது போய்விடும். திரும்பி வரும் நேரத்தையும் காலையிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தகாசாகி பாதையில் இருக்கும் ஹோன்ஜோ நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் போகவும் வழி உண்டு.

பழைய வழிகாட்டிப் புத்தகங்கள் சிலவற்றில் நினைவகம் பழைய கோட்டை இடிபாட்டுப் பக்கம் இருப்பதாக இருக்கும். 2015-இல் அது 'அஸ்பியா கொடாமா' என்ற பொதுக் கட்டிடத்துக்குள் வந்துவிட்டது. அனுமதி இலவசம்.

கிழமை விஷயத்தில் கவனம்

இந்த நினைவகத்துக்குத் திங்கள்கிழமை விடுமுறை. ஹனாவாவோடு தொடர்புடைய இன்னொரு இடம் டோக்கியோவில், ஷிபுயாவில் இருக்கிறது. ஓன்கோ கக்காய் என்ற அமைப்பின் கட்டிடம். அங்கே சனி, ஞாயிறு விடுமுறை. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பவர்கள் செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அரசு விடுமுறை, ஆண்டின் கடைசி நாட்கள் என்றால் கிளம்பும் முன் ஒரு முறை விசாரித்துவிடுங்கள். வார இறுதியில்தான் நேரம் கிடைக்கும் என்றால் ஹோன்ஜோவுக்கு மட்டும் போங்கள், அதுவும் நிறைவான பயணம்தான்.

வயதும் பெயரும்

விளக்கப் பலகைகளில் "ஏழு வயதில் பார்வை இழந்தார்", "பதினைந்து வயதில் எடோ போனார்", "எழுபத்தாறு வயதில் மறைந்தார்" என்று இருக்கும். எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர். 1746-இலிருந்து கழித்துப் பார்த்துவிட்டு, தேதி தப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. தப்பு இல்லை. பழைய ஜப்பானிய வழக்கில் பிறந்த உடனே ஒரு வயது. புத்தாண்டு வந்தால் இன்னொன்று. நம் பாட்டிமார் "ஏழு நடக்கிறது" என்பார்களே, ஏறக்குறைய அந்தக் கணக்கு. நம் முடிந்த வயதுக் கணக்கில் பார்வை போனபோது அவருக்கு ஐந்து அல்லது ஆறு.

சிறுவயதுப் பெயர் தோரானோசுகே. புலி ஆண்டில் பிறந்ததால் 'தோரா', அதாவது புலி. ஹனாவா என்பது அவர் பிறந்த குடும்பத்தின் பெயர் அல்ல. எடோவில் அவருக்கு அடைக்கலம் தந்த குரு அமெதோமி சுகாயிச்சியின் சொந்தக் குடும்பப் பெயர். வளர்த்தவரின் பெயரைத் தன் பெயராக எடுத்துக்கொண்டார். 'கெங்க்யோ' என்று ஒரு சொல்லும் அடிக்கடி வரும். அதை ஆள் பெயராக எடுத்துக்கொள்ள வேண்டாம். பார்வையற்றோருக்கென்று அப்போது இருந்த சங்கத்தில் உயர்ந்த பதவி அது. 1783-இல் அவருக்குக் கிடைத்தது. அந்தச் சங்கத்தின் தலைமைப் பதவி 1821-இல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு கிடைத்தது.

கண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்

இதுதான் பெரிய தவறு. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். பாதிப் பேர் உள்ளே நுழையும்போதே "கண் தெரியாதவர் செய்த அதிசயம்" என்று ஒரு வரியை மனதில் எழுதிக்கொண்டு வருகிறார்கள். அப்புறம் அந்த வரிக்குப் பொருந்துவதை மட்டும் பார்க்கிறார்கள்.

விளக்கு அணைந்த கதையை எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் இரவு மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். காற்றில் விளக்கு அணைந்துவிடுகிறது. மாணவர்கள் தடுமாறுகிறார்கள். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறார். விஷயம் தெரிந்ததும், கண் இருப்பவர்களுக்கு எத்தனை சிரமம் என்று சொல்லிச் சிரித்தாராம். நல்ல கதைதான். ஜப்பானியப் பள்ளிப் பாடத்திலும் ஒரு காலத்தில் இருந்தது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு ஹனாவாவைப் பார்த்தாயிற்று என்று நினைத்தால், அவர் நாற்பது ஆண்டு உழைத்த வேலையைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

அந்த வேலை என்ன? அப்போது ஜப்பானில் பெரிய நூல்களுக்குப் படிகள் நிறைய இருந்தன. சின்னச் சின்ன நூல்கள்தான் ஆபத்தில் இருந்தன. ஒரு கோயிலில் ஒரு படி, ஒரு பிரபு வீட்டில் ஒரு படி. ஒரு தீ விபத்து போதும், அந்த நூலே உலகத்தில் இல்லாமல் போய்விடும். ஆற்றில் விட்ட ஏடுகளின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஹனாவா அந்தச் சின்ன நூல்களைத் தேடினார். அரசர்கள், சட்டம், கவிதை, நாட்குறிப்பு, பயணம், போர் என்பதோடு நிற்காமல் உடை, சமையல், பருந்து வளர்ப்பு, காலால் பந்து உதைக்கும் ஆட்டம் வரை 25 பிரிவுகளாக வகுத்தார். எது பிழைக்க வேண்டும் என்று முடிவு செய்ததில் அவர் எவ்வளவு பரந்த மனதோடு இருந்தார் என்று அந்தப் பிரிவுகளின் பட்டியலிலேயே தெரியும். நினைவகத்தில் அதன் முன்னால் நின்று ஒரு முறை முழுதாகப் படியுங்கள். கைப்பேசி மொழிபெயர்ப்பு இதற்குப் போதும்.

எப்படிச் செய்தார் என்பதிலும் மாயம் எதுவும் இல்லை. அவருடைய நினைவாற்றல் அபாரம். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் யாராவது வாசிக்க வேண்டும், அவர் கேட்க வேண்டும். யாஷிரோ ஹிரோகாதா, நகாயாமா நொபுனா போன்ற மாணவர்கள் உடன் இருந்தார்கள். 1793-இல், அப்போது நாட்டை ஆண்ட ஷோகுன் என்ற படைத்தலைவரின் அரசு தந்த அனுமதியோடு எடோவில் ஒரு கல்விக்கூடமே தொடங்கினார். பணம் திரட்டினார், கடன் வாங்கினார், செதுக்குபவர்களை வைத்து வேலை வாங்கினார். ஒரு பதிப்பகத்தை நடத்திய மனிதர் அவர். பரிதாபத்தோடு பார்த்தால் இதெல்லாம் கண்ணில் படாது. நம் ஊர் அந்தகக்கவி வீரராகவ முதலியாரின் பாட்டைப் படிக்கும்போது நாம் பாட்டைத்தானே ரசிக்கிறோம்?

அவர் தோற்ற இடத்தையும் தாண்டிப் போக வேண்டாம். எடோவில் முதலில் அவருக்குக் கற்றுத்தர முயன்றவை இசையும், ஊசி மருத்துவமும், உடம்பு பிடித்துவிடுவதும். பார்வையற்றோருக்கு அன்று இருந்த பிழைப்புகள் அவை. எதுவும் கைவரவில்லை. உயிரை விட்டுவிடலாம் என்ற அளவுக்குப் போனார் என்று சொல்கிறார்கள். அப்போதுதான் குரு, மூன்று ஆண்டுகள் சோறு போடுகிறேன், விரும்பியதைப் படி, தேறாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவேன் என்றார். அந்த மூன்று ஆண்டுகளில்தான் எல்லாம் தொடங்கியது.

சின்னப் பொருட்களின் முன்னால் நில்லுங்கள்

நினைவகத்தில் பெரிய பொருட்கள் கம்மி. நான் முதல் முறை போனபோது ஒரு கண்ணாடிப் பெட்டியைச் சும்மா கடந்து போய்விட்டு, பிறகு திரும்பி வந்தேன். உள்ளே ஒரு சுருக்குப்பை. அவருடைய அம்மா தன் கையால் தைத்தது. அவருக்குப் பன்னிரண்டு நடக்கும்போது அம்மா இறந்துவிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1760-இல், ஊரை விட்டு எடோவுக்குக் கிளம்பினார். அந்தத் துணியின் நிறத்தை அவர் பார்த்ததே இல்லை. தையல் எப்படி ஓடுகிறது என்பது மட்டும் அவர் விரலுக்குத் தெரிந்திருக்கும். கூடவே சோமென் என்ற மெல்லிய சேமியா வைக்கும் மரப்பெட்டி ஒன்றும் இருக்கிறது. சாமான்களை அதில்தான் எடுத்துப் போனாராம். இந்த இரண்டையும் பார்க்கவே பத்து நிமிடம் வேண்டும்.

பார்வையற்றவரின் நினைவகம்தானே, தொட்டுப் பார்க்கலாம் என்று கையை நீட்டிவிடாதீர்கள். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். படம் எடுப்பதற்கும் அப்படியே. பார்வையற்ற நண்பரோடு போனால் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி, எதைத் தொடலாம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. அங்கே போனதும் அவர் கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுங்கள். பலகையில் இருப்பதைச் சுருக்கிச் சொல்லாமல் முழுதாக வாசியுங்கள். ஹனாவாவுக்கு அவருடைய மாணவர்கள் செய்தது அதுதான். வழியில் ரயில் நிலையங்களில் மஞ்சள் நிறத்தில் புடைப்புள்ள கற்கள் பதித்திருக்கும். 1967-இல் ஒகாயாமாவில் முதன்முதலில் பதித்தார்கள், மியாகே செயிச்சி என்பவரின் யோசனை. அதன்மேல் பெட்டியை வைத்துவிட்டு நிற்பது நம்மில் பலர் தெரியாமல் செய்வது.

அவர் பிறந்த ஹொகினோ கிராமத்தில் பழைய கூரைவீடு இன்னும் இருக்கிறது. 1944-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். அது அருங்காட்சியகம் இல்லை, வீடு. வெளியிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குடும்பக் கதை அவரோடு முடிந்துவிட்டதாகவும் நினைக்க வேண்டாம். அவர் மகன் ததாதோமியும் அறிஞர். பேரரசரைப் பதவியிறக்க முன்னுதாரணம் தேடுகிறார் என்று ஒரு பொய்யான வதந்தி கிளம்பி, 1863-இல் வெட்டிக் கொன்றார்கள். கொன்றவர்கள் இளைஞர்களாக இருந்த இதோ ஹிரோபுமியும் யாமாவோ யோசோவும் என்றே சொல்லப்படுகிறது. இதோ பிறகு ஜப்பானின் முதல் பிரதமர் ஆனார். யாமாவோ 1871-இல், பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளி தொடங்க வேண்டும் என்று அரசுக்கு எழுதினார். இதைப் படித்த அன்று எனக்கு வேறு எதிலும் மனம் போகவில்லை.

ஷிபுயாவை விட்டுவிடாதீர்கள்

ஹோன்ஜோவில் மனிதரைப் பார்க்கலாம். அவருடைய வேலை இருப்பது ஷிபுயாவில். 1927-இல் கட்டிய அந்தக் கட்டிடத்தில் குன்ஷோ ருய்ஜூவின் மரப்பலகைகள் 17,244 இருக்கின்றன. 1923 நிலநடுக்கத்துக்கும், 1945 குண்டுவீச்சுக்கும் தப்பியவை. 1937-இல் ஹெலன் கெல்லர் இங்கே வந்து ஹனாவாவின் சிலையையும் மேசையையும் தடவிப் பார்த்தார். சிறுமியாக இருந்தபோதே அம்மா அவருக்கு இந்த மனிதரைப் பற்றிச் சொல்லியிருந்தாராம்.

ஒரு பலகையை அருகில் போய்ப் பாருங்கள். காட்டுச் செர்ரி மரம், மை ஊறிக் கரிய நிறம். எழுத்துகள் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி இருக்கும். ஒரு வரிக்கு 20 எழுத்து, 20 வரி, ஆக 400 எழுத்து. ஜப்பானில் இன்றும் எழுதப் பயன்படும் 400 கட்டம் போட்ட தாள் இதிலிருந்து வந்தது என்று சொல்வதுண்டு. மரம் வீணாகக்கூடாது என்று பின்பக்கமும் செதுக்கியிருப்பார்கள். இரு முனைகளிலும் சற்றுத் தடித்த கட்டை பொருத்தியிருக்கும். பலகை வளையாது, அடுக்கி வைத்தாலும் எழுத்து உரசாது. எழுத்துகளின் விளிம்பு இன்னும் கூர்மையாகத்தான் இருக்கிறது. இப்போதும் இந்தப் பலகைகளில் மை தடவி, தாளை மேலே விரித்துத் தேய்த்து அச்செடுக்கிறார்கள்.