கொப்பியும் பேனையும்: ஒன்ராறியோவில் முதல் வேலைக்குப் போகிறவர்களுக்கு

ரொறன்ரோவின் ஸ்காபுறோவுக்கு வந்த மூன்றாம் கிழமையே எனக்கு ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையில் வேலை கிடைத்துவிட்டது. மாமாவின் சிநேகிதருக்குத் தெரிந்தவருடைய கடை. முதல் மூன்று நாளும் "வேலை பழகுவது", அதற்குச் சம்பளம் இல்லை. மாத முடிவில் முதலாளி நீட்டிய கடித உறையின் மேல் பென்சிலால் ஒரு கழித்தல் கணக்கு எழுதியிருந்தது: உடைந்த பீங்கான் இரண்டு, கல்லாவில் குறைந்த பதினெட்டு டொலர். அந்தக் கல்லாவை நான் தொட்டதே இல்லை. "தம்பி, வேறு யாரும் உங்களை இந்த நிலைமையில் எடுத்திருக்க மாட்டார்கள்" என்றார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த மூன்று நாள் வேலைக்கும் சம்பளம் உண்டு என்பதும், அந்த இரண்டு கழித்தலும் சட்டத்துக்கு மாறானவை என்பதும் எனக்குத் தெரியவர இரண்டு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. சம்பள நிலுவைக்குத் தொழில் அமைச்சில் முறைப்பாடு செய்வதற்கான காலக்கெடுவும் இரண்டு வருடந்தான். ஆகவே இதை இப்போதே வாசியுங்கள்.

முதல் நாளே ஒரு கொப்பி வாங்குங்கள். திகதி, வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடைவேளை, யார் என்ன சொன்னார். கிழமைக்கு ஒருநாள் நினைவில் இருந்து எழுதுவதை விட, பஸ்ஸில் வீடு திரும்பும்போது அன்றன்று எழுதுவதற்கு மதிப்பு அதிகம். கையில் காசாகத் தருகிற முதலாளியிடம் நேரக் கணக்கு இராது. இருந்தாலும் அவருக்கு வசதியான கணக்காகத்தான் இருக்கும். காசாக வாங்கினாலும், பேப்பர் எதிலும் பெயர் இல்லாவிட்டாலும், நீங்கள் அவரிடம் வேலை செய்தவர்தான். சட்டம் உங்களுக்கும் உண்டு. அகதிக் கோரிக்கை நிலுவையில் இருந்தாலும் உண்டு. கிழமைக்கு 24 மணி நேரம் என்ற வரம்பைத் தாண்டி வேலை செய்த வெளிநாட்டு மாணவருக்கும் சம்பளம் சம்பளந்தான். ஆனால் அங்கே குடிவரவுச் சிக்கல் வேறாக இருப்பதால், முறைப்பாட்டுக்கு முன் ஒரு சட்ட உதவி நிலையத்தில் பேசிவிடுவது நல்லது.

எண்கள் சிலவற்றைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 அக்டோபர் 1 முதல் மணிக்கு 17.60 டொலர். ஒவ்வோர் அக்டோபரிலும் மாறுவதால் புதிய எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கிழமைக்கு 44 மணி நேரத்துக்கு மேல் போனால் பெரும்பாலான வேலைகளில் ஒன்றரை மடங்கு. விடுமுறைக் காசு சம்பளத்தில் 4 சதவீதம், ஐந்து வருடத்துக்குப் பின் 6. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அரை மணி நேர இடைவேளை தர வேண்டும். வங்கி, விமானச் சேவை, தொலைபேசி நிறுவனம், மாகாண எல்லை கடக்கும் ட்ரக் போன்றவற்றில் வேலை செய்கிறவர்களுக்கு மத்திய அரசின் சட்டம் பொருந்தும். அங்கே எண்களும் வேறு, முறைப்பாடு கொடுக்கும் இடமும் வேறு.

ஏஜென்சி மூலம் தொழிற்சாலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை எடுத்துத் தருவதற்கு உங்களிடம் கட்டணம் கேட்கக் கூடாது. 2024 ஜூலை முதல் ஏஜென்சிகள் உரிமம் பெற்றிருக்க வேண்டும், அதை அமைச்சின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். கடவுச்சீட்டை "பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்று யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

இனி பாகுபாடு. இதைப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். மேற்பார்வையாளர் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறவர் என்றால் அது கெட்ட குணம், பாகுபாடு ஆகாது. நிறம், பிறந்த நாடு, சமயம், வயது, பால், கர்ப்பம், உடற்குறைபாடு, குடும்ப நிலை போன்ற ஒன்றோடு அது தொடர்புபட வேண்டும். 1962 முதல் ஒன்ராறியோவில் இருக்கும் மனித உரிமைச் சட்டம் அப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் அது ஒரே காரணமாக இருக்க வேண்டியதில்லை. காரணங்களில் ஒன்றாக இருந்தாலே போதும். "நான் வேண்டுமென்று செய்யவில்லை" என்பதும் பதிலாகாது. உங்கள் உச்சரிப்பைக் காட்டி வேலை மறுப்பது, உங்கள் சாப்பாட்டு மணத்தை வைத்து நாள்தோறும் பகிடி விடுவது எல்லாம் இதற்குள் வரலாம். கருவாட்டைப் பொது மைக்ரோவேவில் சூடாக்குவது பற்றி என் சொந்த அபிப்பிராயம் வேறு, அது இங்கே வேண்டாம்.

"கனடிய அனுபவம் உண்டா?" என்ற கேள்வியை மாகாண மனித உரிமை ஆணைக்குழு 2013இலேயே பாகுபாட்டின் பக்கம் வைத்துவிட்டது. 2026 ஜனவரி முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பகிரங்க விளம்பரத்தில் அதை நிபந்தனையாகப் போட முடியாது.

நம்மவர் பேசத் தயங்கும் விஷயம் ஒன்று. வேலைத்தலத்தில் "ஊரில் எந்தப் பக்கம்? யாருடைய பிள்ளை?" என்று தோண்டித் தோண்டிக் கேட்டு, பதிலைப் பார்த்து வேலை பிரித்துக் கொடுப்பதும் நடக்கிறது. சாதிப் பாகுபாடும் இந்தச் சட்டத்துக்குள் அடங்கும் என்று ஆணைக்குழு 2023இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசிச் சம்பவத்தில் இருந்து ஒரு வருடம் உண்டு. கட்டணம் இல்லை, ஆனால் மெதுவாகத்தான் நகரும். மனித உரிமைச் சட்ட உதவி மையம் இலவசமாக ஆலோசனை தருகிறது, விண்ணப்பத்துக்கு முன் அங்கே பேசுங்கள். சம்பளம் கேட்டதற்காகவோ முறைப்பாடு செய்ததற்காகவோ முதலாளி உங்களை நிறுத்தினால், அது தனியாக இன்னொரு குற்றம். வேலையைத் திரும்பத் தரச் சொல்லவும் தொழில் அமைச்சின் அதிகாரியால் முடியும்.

வேலையை விட்டு நிறுத்தும் நாளில்தான் பெரும்பாலானவர்கள் தோற்றுப்போகிறார்கள். ஓர் அறைக்குக் கூப்பிடுவார்கள், ஒரு காசோலையும் ஒரு தாளும் இருக்கும், "இப்போதே கையெழுத்து வைத்தால் காசு" என்பார்கள். "வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழும்புங்கள். மூன்று மாதம் தொடர்ந்து வேலை செய்த பெரும்பாலானவர்களுக்கு முன்னறிவித்தலோ அதற்கு ஈடான சம்பளமோ சட்டப்படி வர வேண்டியது. அந்தக் காசுக்காகக் கையெழுத்துக் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. நீண்ட காலம் வேலை செய்திருந்தால் நீதிமன்றத்தில் அதை விடக் கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் இதே நிலுவைக்கு அமைச்சில் முறைப்பாடு கொடுத்து, அதை இரண்டு கிழமைக்குள் திரும்பப் பெறாவிட்டால், நீதிமன்றக் கதவு சாத்தப்படும். எது முதலில் என்று ஒரு சட்டத்தரணி சொன்ன பிறகே படிவத்தை நிரப்புங்கள்.

வருமானம் குறைந்தவர்களுக்கு ரொறன்ரோவில் சமூகச் சட்ட நிலையங்கள் பல உண்டு, தெற்காசியருக்கென்றே ஒன்றும் இருக்கிறது. போகும்போது கொப்பி, சம்பளத் தாள்கள், முதலாளி அனுப்பிய குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் கொண்டு போங்கள். மொழிபெயர்க்க யாரையாவது கூட்டிப் போவதென்றால் முதலாளியின் மைத்துனரைக் கூட்டிப் போகாதீர்கள். சிரிக்க வேண்டாம், எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் போனார்.